அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழு: தீர்மானம் முதல் நிதி வரை பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளியிலிருந்து போன் வரும். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் இருக்குங்க, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருங்க." போவீர்கள். டீயும் முறுக்கும் வரும். நோட்டில் ஏற்கெனவே நாலு வரி எழுதியிருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிவறைக் கதவு உடைந்திருப்பதைப் பற்றி வாசலில் நின்று இன்னொரு அம்மாவிடம் புலம்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். என் முதல் ஆறு மாதம் இப்படித்தான் போனது.

அந்த நாலு வரிக்குத்தான் அதிகாரம் இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. வாசலில் பேசியது காற்றோடு போய்விடும். நோட்டில் எண்ணோடும் தொகையோடும் எழுதினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியின் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர் பிரதிநிதிகள் படித்தாலும் தப்பில்லை.

முதல் படி: குழுவின் சட்ட பலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழு ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) மனது வைத்து அமைக்கும் குழு அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய வேலைகளை அதே பிரிவு குழுவிடம் கொடுக்கிறது.

இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும், அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதும் பத்தும் இதில் வராது. அந்த வகுப்புகளுக்கென்று இடைநிலைக் கல்வித் திட்டத்தின் கீழ் தனியாக ஒரு மேலாண்மை, மேம்பாட்டுக் குழு இருந்தது. 2018இல் அந்தத் திட்டமும் அனைவருக்கும் கல்வித் திட்டமும் சமக்ர சிக்ஷா என்ற ஒரே திட்டமாக இணைந்தன. இன்று நம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆறிலிருந்து பத்து வரைக்கும் ஒரே குழு பேசுகிறது. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பைப் பற்றி எழுதும்போது கல்வி உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டினால், விவரம் தெரிந்த அலுவலர் அந்த ஒரு காரணத்தை வைத்தே மனுவை ஓரம் தள்ளிவிடலாம். ஆறு முதல் எட்டு வரைக்குச் சட்டத்தைச் சொல்லுங்கள். ஒன்பது, பத்துக்குத் திட்ட விதிகளையும் அரசாணையையும் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது 20 பேர். 2024 ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது 24 பேர் ஆனார்கள், முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. தலைவர் ஒரு பெண் பெற்றோர். தலைமை ஆசிரியர், ஆசிரியர் பிரதிநிதி, உள்ளாட்சிப் பிரதிநிதிகள், கல்வியில் அக்கறையுள்ளவர் என்று மீதி இடங்கள். பல ஊர்களில் தலைவிக்குப் பதில் அவருடைய கணவர் வந்து உட்கார்ந்துகொள்வார். உங்கள் ஊரிலும் அப்படி என்றால் முதல் கூட்டத்திலேயே அதை மரியாதையாக நிறுத்துங்கள். "அண்ணே, அக்காவை அனுப்புங்க, கையெழுத்து அவங்களோடது" என்று ஒருமுறை சொன்னால் போதும். ஒரு வருஷம் விட்டுவிட்டால் பிறகு சொல்லவே முடியாது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு. நாம் பி.டி.ஏ. என்று சொல்வது அதைத்தான். அது உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கும் சங்கம், அதன் தலைவர் பெரும்பாலும் ஊர்ப் பெரிய மனிதராக இருப்பார். மானியத்தைக் கண்காணிக்கும் சட்டபூர்வ பொறுப்பு அதற்கு இல்லை. இரண்டையும் சண்டைக்கு விடாதீர்கள். இரண்டு கணக்கையும் மட்டும் ஒன்றாகக் கலக்க விடாதீர்கள்.

இரண்டாம் படி: கூட்டத்துக்கு முன் பள்ளியை ஒருமுறை சுற்றி வாருங்கள்

ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு வேலை நாளில், முடிந்தால் இடைவேளை நேரத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எந்தப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். மணி அடித்ததும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எத்தனை பேர் போகாமலே வகுப்புக்குத் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயில் எத்தனை திறந்தால் தண்ணீர் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். அறிவியல் ஆய்வகத்தின் பூட்டில் துரு ஏறியிருக்கிறதா என்பதே ஒரு தகவல்தான்.

பார்த்ததை எண்ணாக எழுதுங்கள். "கழிவறை சரியில்லை" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பெண்கள் 186 பேர், பயன்பாட்டில் உள்ள கழிவறை 2" என்று எழுதினால் பொறியாளருக்கே கணக்குப் புரியும். 40 பேருக்கு ஒரு கழிவறை என்பது தூய்மைப் பள்ளி இயக்கத்தின் அளவுகோல். அப்படியானால் 5 வேண்டும், 3 குறைகிறது. இந்த மூன்றுதான் உங்கள் தீர்மானத்தின் எண்.

கட்டடத்தை மட்டும் சாதாரணமாகப் பார்க்காதீர்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். விரிசல், கம்பி தெரியும் கூரை, சாய்ந்த சுற்றுச்சுவர் கண்ணில் பட்டால் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். போட்டோ எடுத்து, அன்றே ஹெச்.எம். வழியாக எழுத்தில் தெரிவித்து, அந்தப் பகுதிக்குப் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டச் சொல்லுங்கள்.

பள்ளியின் மொத்த விவரமும் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. மாநில அளவில் எமிஸ் தளம், நாடு முழுவதற்கும் யுடைஸ். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் பணியிடம், வகுப்பறை, கழிவறை எல்லாம் அதில் பதிவாகும். யுடைஸுக்கான கணக்கு நாள் செப்டம்பர் 30. அதில் "கழிவறை 6, அனைத்தும் பயன்பாட்டில்" என்று ஏறியிருந்தால் நீங்கள் எத்தனை தீர்மானம் போட்டாலும் மேலே இருப்பவருக்குத் தேவையே தெரியாது. எங்கள் பள்ளியில் இடிக்கப்பட்ட ஒரு கட்டடம் இரண்டு வருஷமாகப் பதிவில் நின்றுகொண்டிருந்தது. பதிவு செய்யும் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பாடமும் உண்டு, பதிவேடும் உண்டு. செப்டம்பரில் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரி பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த வேலைக்கு எந்தப் பணம் என்று பிரியுங்கள்

புதுக் குழுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சாக்பீஸ், மின்விசிறி, வகுப்பறைக் கட்டடம், ஆசிரியர் என எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி ஹெச்.எம். கையில் கொடுத்தால், அவர் வாங்கி மேசை டிராயரில் வைப்பார். அவர் மேல் தப்பில்லை. அந்த நாலும் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல.

பள்ளிக்கு நேரடியாக வரும் பணம் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். சமக்ர சிக்ஷாவில் மாணவர் எண்ணிக்கையை வைத்து இது கணக்கிடப்படுகிறது. 100 பேருக்கு மேல் 250 வரை இருந்தால் ஆண்டுக்கு ரூ.50,000. 250க்கு மேல் 1,000 வரை ரூ.75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 340 பிள்ளைகள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 75,000 வரும், அதில் 7,500 தூய்மைக்கு. மீதி 67,500இல் மின்சாதனப் பழுது, ஆய்வகப் பொருள், கரும்பலகை வர்ணம், பதிவேடுகள், இணையம் எல்லாம் அடங்க வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 5,625 ரூபாய். இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே போட்டுக் காட்டுங்கள். "இவ்வளவு மானியம் வருதே, என்ன பண்றாங்க?" என்ற பேச்சு அதோடு பாதி அடங்கிவிடும்.

நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனி மானியம் உண்டு. விளையாட்டுக்கு உயர்நிலைப் பள்ளி அளவில் ரூ.25,000 வரை அனுமதி இருக்கிறது. எதை வாங்குவது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கேட்காமல் வாங்கினால் ஐந்தாவது கேரம் போர்டு வந்து நிற்கும்.

இந்தத் திட்டத்தின் பணம் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டில் வருகிறது. அதனால் அரசியல் காற்று அடித்தால் பள்ளி வரைக்கும் ஆடும். 2024-25இல் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தமும் தேசியக் கல்விக் கொள்கையும் பற்றிய தகராறில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது, மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மானியம் தாமதமானால் முதலில் மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹெச்.எம். மீது பாய்வது அதற்கு அப்புறம்.

கட்டடம் என்பது வேறு கதை. வகுப்பறை, ஆய்வகம், சுற்றுச்சுவர் எல்லாம் லட்சங்களில் போகும், குழுவின் கணக்குக்கு அவை எட்டாது. இதற்கு மாநில அரசின் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் நபார்டு வங்கியின் கடனுதவியும் இருக்கின்றன. அடுத்தது சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது பொன்னாடையோடு எஸ்டிமேட்டும் கொண்டு போங்கள். பொறியாளர் போட்ட தோராய மதிப்பீடும் இடம் பள்ளியின் பெயரில் இருக்கிறது என்பதற்கான பட்டா நகலும் கையில் இருந்தால், அவருடைய உதவியாளர் அந்த இடத்திலேயே கோப்பு போட முடியும். இல்லாவிட்டால் "பார்க்கலாம்மா" என்பதுதான் பதில்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஊர்க்காரர்களும் முன்னாள் மாணவர்களும் பணம் போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 3 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் ஒரு லட்சம் சேர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் உணர்ச்சிவசப்படும் நேரம் பார்த்து இந்தக் கணக்கைப் போடுங்கள். இன்னொன்று, 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் தனிமனித நன்கொடையும் இதன் வழியாகப் பள்ளிக்கு வரும். ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றால், பணமாகக் கையில் வாங்காமல் இந்த வழியில் வரச் சொல்லுங்கள். நாளைக்குப் பேச்சு வராது.

ஆசிரியர் காலியிடத்துக்கு நிரந்தர நியமனம் குழுவின் கையில் இல்லை. ஆனால் 2022 ஜூனில் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத்தான் அரசு உத்தரவிட்டது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 என்றது அன்றைய ஆணை. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது, குழுத் தலைவியின் தங்கை மகளுக்கு இடம் போடும் ஆசை எல்லா ஊரிலும் தலைதூக்கும். தகுதியையும் மதிப்பெண்ணையும் நோட்டில் எழுதி, மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் தேர்வு செய்யுங்கள். கணக்கு ஆசிரியர் இல்லாத பத்தாம் வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ரிசல்ட் அன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான்காம் படி: தீர்மானம் எழுதும் விதம்

பெரும்பாலான தீர்மான நோட்டுகளில் இப்படித்தான் இருக்கும்: "பள்ளியின் அடிப்படை வசதிகளை மேம்படுத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது." இதைப் படித்து யார் என்ன செய்வார்? யாருக்கு எழுதியது என்பதே இல்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"தீர்மானம் 3. பள்ளியில் பயிலும் மாணவியர் 186. பயன்பாட்டில் உள்ள கழிவறைகள் 2. குறைந்தது 5 தேவை. கூடுதலாக 3 கழிவறைகளும் கை கழுவும் இடமும் தண்ணீர் இணைப்புடன் கட்டித் தர முதன்மைக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது. இடம்: வடக்குச் சுவர் ஓரம். மதிப்பீடு பெறும் பொறுப்பு: தலைமை ஆசிரியர். மனு கொடுத்துப் பின்தொடரும் பொறுப்பு: துணைத் தலைவர். அடுத்த கூட்டத்தில் முன்னேற்றம் தெரிவிக்கப்படும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் கையொப்பம்."

எண், தேவை, யாரிடம் கேட்கிறோம், எந்த இடம், யார் பொறுப்பு, எப்போது மறுபடி பேசுவோம் என ஆறும் அதில் இருக்கின்றன. ஒரு கூட்டத்தில் இப்படி இரண்டு தீர்மானம் போதும். பதினைந்து போட்டால் எதையும் பின்தொடர முடியாது.

ஒரு தீர்மானத்தில் ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். கழிவறையையும் மின்விசிறியையும் சேர்த்து எழுதினால், மின்விசிறி மாட்டியதும் "தீர்மானம் நிறைவேற்றப்பட்டது" என்று கோப்பை மூடிவிட வழியிருக்கிறது. எனக்கே நடந்தது.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மாக்கள் குழுவில் இருப்பார்கள், சொல்ல வெட்கப்படுவார்கள். படித்துக் காட்டுவதை எல்லாக் கூட்டத்திலும் வழக்கமாக்கிவிட்டால் யாரும் கேட்க வேண்டிய நிலையே வராது. வெற்றுப் பக்கத்தில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஹெச்.எம். கோபப்பட மாட்டார். பட்டால், கோடு இன்னும் அவசியம்.

கூட்டம் முடிந்த கையோடு தீர்மானங்கள் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். நோட்டில் இருப்பதும் செயலியில் ஏறியதும் ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: திட்டத்தை டிசம்பருக்குள் முடியுங்கள்

பள்ளி வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுக்கானது, அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டம். வகுப்புவாரியாக வரப்போகும் மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் கூடுதல் ஆசிரியர், கூடுதல் வசதி, ஆண்டுவாரியாகத் தேவைப்படும் பணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, அரசு தரும் மானியத்துக்கே இந்தத் திட்டத்தைத்தான் அடிப்படை என்கிறது.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. மத்திய அரசின் மாதிரி விதிகள் அதற்கு மூன்று மாதம் முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்கின்றன. அப்படியானால் டிசம்பர் கடைசி. மாநில பட்ஜெட்டும் சமக்ர சிக்ஷாவின் ஆண்டுத் திட்டமும் அதற்குப் பிறகு வரும் மாதங்களில்தான் உருவாகின்றன. ஏப்ரலில் போய்க் கேட்டால் "இந்த வருஷம் முடிஞ்சுது" என்பார்கள், அது உண்மையும்கூட.

நாங்கள் செய்யும் வரிசை இது. செப்டம்பரில் யுடைஸ் சரிபார்ப்பு. அக்டோபர் 2 கிராம சபையில் பள்ளியின் தேவையை ஒரு தீர்மானமாக வைப்பது. நவம்பர் 1 கிராம சபையில் அதை ஞாபகப்படுத்துவது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன, அவற்றில் இந்த இரண்டும் நமக்குத் தோதானவை. குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, பள்ளிக்கு வரும் சாலை போன்றவை ஊராட்சியின் வேலை. அதற்கு முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுத்து ஆறு மாதம் வீணடித்தவர்களில் நானும் ஒருவன். டிசம்பரில் திட்டத்தைத் தலைவியும் தலைமை ஆசிரியரும் கையெழுத்திட்டு அனுப்பி, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவதோடு வருஷ வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

ஆறாம் படி: பள்ளியின் விதிகளில் எதுவரை பேசலாம்

பணம் இல்லாத விஷயத்தில்தான் குழு அதிகம் சூடாகும். தலைமுடி, செல்போன், மாலை வகுப்பு, பெண்கள் ஆண்கள் பேசுவது. எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

பாடத்திட்டம், பொதுத்தேர்வு, ஆசிரியர் இடமாறுதல் ஆகியவை குழுவின் கையில் இல்லை. "இந்த வாத்தியாரை மாத்துங்க" என்று தீர்மானம் போடாதீர்கள். மூன்று மாதமாக அறிவியல் பாடம் நடக்கவில்லை என்பது உங்கள் குறை என்றால், நடக்காத வகுப்புகளின் தேதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நேரத்துக்கு வருவதும், பாடத்தை உரிய காலத்தில் முடிப்பதும், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் நிலையைச் சொல்வதும் ஆசிரியரின் கடமைகள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவே சொல்கிறது. அந்தத் தீர்மானத்தில் ஆசிரியர் பிரதிநிதியின் கருத்தையும் பதிவு செய்யுங்கள். தேர்தல் பணியில் இருந்தாரா, ஒருவரே இரண்டு பாடம் எடுக்கிறாரா என்பது பல சமயம் அவர் வாயிலிருந்துதான் தெரியவரும்.

குழு நன்றாகச் செய்யக் கூடியது, பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் சிக்கல்களை அவிழ்ப்பது. பத்தாம் வகுப்புக்கு மாலை சிறப்பு வகுப்பு வைக்க ஆசிரியர்கள் தயார். ஆனால் கடைசி பஸ் 5 மணிக்கு. பெண் பிள்ளைகளை நிறுத்த வீட்டில் சம்மதிக்கவில்லை. எங்கள் ஊரில் இந்தப் பேச்சு இரண்டு வருஷம் ஓடியது. ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரைப் பார்த்தோம், எந்த ஊருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற பட்டியலோடு. பஸ் அரை மணி நேரம் தள்ளிப் போனது. ஒரு ரூபாய் செலவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும் பிள்ளைகளையும் குழுதான் பிடிக்க முடியும். ஆசிரியர் வீட்டுக்குப் போனால் கதவு பாதிதான் திறக்கும், பக்கத்துத் தெரு அக்கா போனால் முழுதாகத் திறக்கும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் மேற்படிப்பில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. இப்போது நிறுத்தினால் அதுவும் போகும் என்று கணக்காகச் சொன்னால் சில அப்பாக்கள் யோசிக்கிறார்கள்.

சாதிக் கயிறு விஷயத்தில் வழவழ கொழகொழ வேண்டாம். 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாம் பள்ளிக்குள் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. இதைக் குழுக் கூட்டத்தில் எடுத்தால் சிலர் முகம் மாறும். ஊர்த் திருவிழாக் காப்பு என்பார்கள். பெற்றோரே சேர்ந்து முடிவெடுத்து, பெற்றோரே முதலில் வீட்டில் கழற்றச் சொல்வதுதான் வேலைக்கு ஆகும். ஆசிரியர் வாசலில் நின்று அறுத்தால் மறுநாள் அது வேறு மாதிரிச் செய்தியாகிவிடும்.

இரண்டு இடத்தில் குழுவுக்கு விவாத உரிமையே கிடையாது. ஒன்று, அடி. "நாலு போடு போடுங்க சார், எங்களுக்குச் சம்மதம்" என்று பெற்றோர் தீர்மானம் போட்டாலும் செல்லாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல், மனத் தண்டனை இரண்டையும் தடை செய்கிறது. இன்னொன்று, பாலியல் புகார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அது தனிக் குற்றம். பள்ளியின் பெயர் கெடும், பிள்ளையின் எதிர்காலம் என்று சொல்லிக் குழுவில் வைத்துப் பஞ்சாயத்துப் பேசக் கூடாது. தயக்கம் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்யுங்கள். பிள்ளையின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதவே கூடாது.

ஏழாம் படி: கணக்கைப் பார்ப்பது எப்படி

குழுவின் வங்கிக் கணக்கைத் தலைவியும் தலைமை ஆசிரியரும் சேர்ந்தே கையாள வேண்டும். எனவே தலைவி எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதா மாதம் கேட்க வேண்டியவை கேஷ் புக், பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட், இருப்புப் பதிவேடு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குப் பாடம் படிக்காதவருக்கும் புரியும். 4 மின்விசிறிக்கு பில் இருக்கிறதா, இருப்புப் பதிவேட்டில் 4 ஏறியிருக்கிறதா, வகுப்பறையில் 4 சுற்றுகிறதா? அவ்வளவுதான் ஆடிட்.

நான் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். முதல் வருஷம் பள்ளிக்குக் குழாய் வேண்டும் என்றபோது "உங்க கடையிலேயே எடுத்துக்கலாம்" என்றார்கள். லாபம் வைக்காமல்தான் கொடுத்தேன். ஆனாலும் டீக்கடையில் வேறு கணக்குப் பேசினார்கள், ஒரு வருஷம் என்னால் எந்தச் செலவையும் கேள்வி கேட்க முடியவில்லை. உறுப்பினரின் கடையிலோ, அவருடைய உறவினரின் கடையிலோ வாங்குவதில்லை என்று எழுதியே வைத்துவிடுங்கள். பெரிய செலவுக்கு மூன்று கடையில் கொட்டேஷன். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மானியம் செலவானதும், அது எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் மேலே போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை இழுக்கும். மார்ச் மாதம் அவசரம் அவசரமாகச் செலவழித்து வேண்டாததை வாங்காமல் இருக்க, டிசம்பரிலேயே மீதி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: பதில் வராவிட்டால்

முதலில் மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும். அந்த ரசீது எண்ணை அடுத்த தீர்மானத்தில் குறிப்பிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் கேட்கலாம்.

எதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. "இந்தத் தேதியில் கொடுத்த மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல் வேண்டும்" என்று கேளுங்கள். ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்புங்கள். கேள்வி கடைசியில் சுற்றி அவர் மேசைக்குத்தான் வரும். அவரோ தீர்மானத்துக்கு ஆதரவாக இருப்பவராக இருக்கலாம்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுப் போனதும் பெற்றோர் என்ற முறையில் உங்கள் இடமும் போய்விடும். புதுக் குழு வரும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க ஒரு கோப்பு போடுங்கள். தீர்மானப் பக்கங்களின் நகல், முத்திரை வாங்கிய மனுக்கள், ரசீது எண்கள், எஸ்டிமேட், பட்டா நகல், போட்டோக்கள், எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவில் கோப்பு நிற்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு. ஒன்றைப் பள்ளியில் வையுங்கள், இன்னொன்றை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.